ஃபிரட்டர்னிட்டி, சொராரிட்டி: சேரலாமா? சேர்ந்தால் எதில்?

ஆகஸ்ட் வந்துவிட்டால் அமெரிக்காவில் இருக்கும் தமிழ்ப் பெற்றோர் தவறாமல் கேட்கும் கேள்வி இது. (கல்லூரி மாணவர் சங்கங்கள் இவை: ஃபிரட்டர்னிட்டி, சுருக்கமாக ஃபிராட், பெரும்பாலும் பையன்களுக்கு; சொராரிட்டி பெண்களுக்கு. புது ஆள் சேர்க்கும் சுற்றுக்குத்தான் ரஷ் என்று பெயர்.) "பொண்ணு ஸ்டேட் யூனிவர்சிட்டிக்குப் போறா. போன முதல் வாரமே சொராரிட்டிக்கு ரஷ் பண்ணப் போறேங்கறா. விடலாமா?" பையன் வீட்டுக் கேள்வி இன்னும் சுருக்கம்: "ஃபிராட்ல சேர்ந்தா குடிக்கக் கத்துக்குவானா?" பிள்ளைகளும் கேட்கிறார்கள். அவர்கள் கவலை வேறு: "சேரலைன்னா நாலு வருஷமும் தனியா இருந்துடுவேனோ?"

இவற்றுக்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்துக்கொண்டவை எல்லாம் ஒரே மாதிரிச் சங்கங்கள் இல்லை. வாசலில் தூண்கள் வைத்த பெரிய வீட்டில் கூட்டமாக வாழும் பழைய சங்கங்கள் ஒரு வகை. தெற்காசியப் பிள்ளைகள் தொடங்கியவை இன்னொரு வகை. பிசினஸ், இன்ஜினியரிங், மருத்துவம் என்று துறை சார்ந்தவை மூன்றாவது. எதிலும் சேராமல் இருப்பது நான்காவது. அதையும் ஒரு தேர்வாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அதிலும் லாப நஷ்டம் உண்டு.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் பணம். சேரும்போது கட்டும் தொகை பெரிதில்லை. வருஷம் முழுக்கக் கையை விட்டுப் போவதைக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது நேரம். புது உறுப்பினராக இருக்கும் பருவத்தில் வாரத்துக்கு எத்தனை மாலைகள் போகும்? இன்ஜினியரிங், ப்ரீ-மெட் (மருத்துவப் படிப்புக்குத் தயாராகும் படிப்பு) படிப்பவர்களுக்குப் பணத்தைவிட இதுதான் இடிக்கும்.

மூன்றாவது மதிப்பெண்ணும் பிற்காலச் சம்பளமும். இதில் இரண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். யூனியன் கல்லூரியைச் சேர்ந்த பொருளியலாளர்கள், வடகிழக்கு மாநிலக் கல்லூரி ஒன்றின் முன்னாள் மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஃபிரட்டர்னிட்டியில் சேர்வதால் ஜி.பி.ஏ. (மதிப்பெண் சராசரி) சுமார் 0.25 இறங்குகிறது, ஆனால் பிற்கால வருமானம் சுமார் 36 சதவீதம் ஏறுகிறது என்றது அது. சங்கத்துக்காரர்களுக்கு இந்த 36 மிகவும் பிடிக்கும். அப்புறம் வந்த இன்னோர் ஆய்வு, ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. சங்கத்தில் சேரக் குறைந்தபட்ச ஜி.பி.ஏ. வேண்டும் என்று அங்கே விதி. அந்தக் கோட்டை மயிரிழையில் தாண்டியவர்களையும் மயிரிழையில் தவறவிட்டவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மதிப்பெண் இதிலும் இறங்கியது. வருமானம் ஏறியதற்கு மட்டும் ஆதாரம் கிடைக்கவில்லை. நான் புரிந்துகொள்வது இதுதான்: மதிப்பெண் அடிவாங்கும் என்பதை இருவரும் ஒப்புக்கொள்கிறார்கள். சம்பளக் கணக்கை நம்பி யாரும் சேர வேண்டாம்.

நான்காவது பாதுகாப்பு. ஐந்தாவதை யாரும் யோசிப்பதே இல்லை: சேர்ந்த பிறகு பிடிக்கவில்லை என்றால் வெளியே வர முடியுமா, வந்தால் வேறொன்றில் சேர முடியுமா?

## வீடு வைத்திருக்கும் பழைய சங்கங்கள்

நியூயார்க் மாநிலத்தின் யூனியன் கல்லூரியில் 1825-இல் தொடங்கிய கப்பா ஆல்ஃபா சொசைட்டியிலிருந்து இந்த வகையின் கதையைச் சொல்வார்கள். பெண்கள் பக்கம், இல்லினாய் மாநிலத்து மன்மத் கல்லூரியில் 1867-இல் பை பீட்டா ஃபை வந்தது. இன்று நாடு தழுவிய 26 சொராரிட்டிகள் நேஷனல் பான்ஹெலனிக் கான்ஃபரன்ஸ் என்ற அமைப்பின் கீழ் இருக்கின்றன. டிக்டாக்கில் நம் பெண்கள் பார்க்கும் அலபாமா ரஷ் வீடியோக்கள் எல்லாம் இவர்களுடையவைதான்.

இதன் பலன் உண்மையானது, மறுக்க வேண்டாம். நாற்பதாயிரம் பேர் படிக்கும் வளாகத்தில் யாரையும் தெரியாமல் இறங்கும் பெண்ணுக்கு ஒரே நாளில் நூறு பேர் அறிமுகமாகிறார்கள். ரூம்மேட் தேடும் தலைவலி இல்லை. உடம்பு சரியில்லை என்றால் கஞ்சி வைத்துத் தராவிட்டாலும் மருந்துக் கடைக்குக் கூட்டிப்போக ஆள் இருக்கும். எந்தப் பேராசிரியர் எப்படி என்று சொல்ல சீனியர்கள் இருப்பார்கள். இருபது வயதில் ஒரு வீட்டுக்கே பொருளாளராக இருந்து லட்சக்கணக்கான டாலர் வரவு செலவைப் பார்ப்பது ரெஸ்யூமேயில் எழுதுவதற்காக உருவாக்கிய அனுபவம் இல்லை, நிஜமான பொறுப்பு.

சரி, செலவு. கட்டணம் வளாகத்துக்கு வளாகம் மாறும். சிறிய இடங்களில் ஒரு பருவத்துக்குச் சில நூறு டாலரில் முடியும். தெற்கு மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகங்களில் சில ஆயிரம் ஆகும். அதற்கு மேல் வருபவைதான் கணக்கில் விட்டுப்போகும். வீட்டில் தங்காத உறுப்பினர்களிடமும் வீட்டுப் பராமரிப்புக்கு என்று ஒரு தொகை வாங்குவார்கள். கட்டாயக் கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம் போடும் கிளைகள் உண்டு. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு டி-ஷர்ட், ஃபார்மல் டான்ஸுக்கு உடை, தனக்குக் கீழே வரும் 'லிட்டில்' பெண்ணுக்கு ஒரு வாரம் முழுக்கப் பரிசுகள். பல சொராரிட்டிகளில் இரண்டாம் ஆண்டு வீட்டில் தங்கியே ஆக வேண்டும். மலிவான அபார்ட்மென்ட் கிடைத்தாலும் போக முடியாது. 529 கணக்கில் (கல்லூரிச் செலவுக்கான வரிச்சலுகைச் சேமிப்பு) சேமித்த பெற்றோர் ஒன்றைக் கவனிக்கவும்: வீட்டு வாடகையும் சாப்பாடும் கல்லூரி அறிவித்த வரம்புக்குள் இருந்தால் அந்தப் பணத்திலிருந்து எடுக்கலாம், உறுப்பினர் கட்டணத்துக்கு எடுக்கக் கூடாது.

பெண்களுக்கு இன்னொரு சிக்கல். ரஷ்ஷின் கடைசிச் சுற்று முடிந்ததும் தன் விருப்ப வரிசையை எழுதி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவார்கள். அது அவர்களைக் கட்டுப்படுத்தும். எழுதிக் கொடுத்த வீடு அழைப்பு அனுப்பி, "எனக்கு வேண்டாம்" என்று மனம் மாறினால், அந்த வளாகத்தில் அடுத்த ஆண்டு ரஷ் வரை இந்த 26-இல் வேறெதிலும் சேர முடியாது. முழு உறுப்பினராகச் சடங்கு முடிந்துவிட்டால் வாழ்நாளில் வேறொன்றுக்கு மாற வழியில்லை. பதினெட்டு வயதில், தூக்கமில்லாத ஒரு வாரத்தின் முடிவில் போடும் கையெழுத்து இது. அன்றைக்கு அம்மாவுக்கு ஒரு போன் போட்டுவிட்டுப் போடச் சொல்லுங்கள்.

நிறம் பற்றிப் பேசாமல் போக முடியாது. அலபாமா பல்கலைக்கழகத்தில் 2013-இல்தான், மாணவர் பத்திரிகை விஷயத்தை வெளியே கொண்டுவந்த பிறகு, பழைய வெள்ளையர் சொராரிட்டிகள் கறுப்பினப் பெண்களைச் சேர்க்கத் தொடங்கின. அதே 2013-இல் எல்லா வளாகமும் அப்படி இல்லை. இன்றும் எல்லாம் ஒன்றுபோல் மாறிவிடவில்லை. கிளையின் இணையப் பக்கத்தில் இருக்கும் குழுப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அறிக்கைகள் சொல்லாததை அது சொல்லும்.

அடுத்து ஹேஸிங், அதாவது ராகிங். சிதம்பரத்தில் 1996-இல் ஒரு மருத்துவ மாணவர் கொல்லப்பட்டதையும், அடுத்த ஆண்டே தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்ததையும் நம் தலைமுறை மறக்கவில்லை. அங்கே ஜூனியராக வந்த எல்லோரும் மாட்டினார்கள். இங்கே தானாக விரும்பிச் சேர்பவன்தான் மாட்டுகிறான், "நீயாத்தானே வந்தே" என்ற பேச்சு அவன் வாயை அடைக்கிறது. 2017 பிப்ரவரியில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பீட்டா தீட்டா பை வீட்டில், புதிதாகச் சேர இருந்த 19 வயது மாணவர் வரிசையாகக் குடிக்கவைக்கப்பட்டு மாடிப்படியில் விழுந்தார். மணிக்கணக்கில் யாரும் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. அவர் இறந்துபோனார். வீட்டுக் கேமராக்களில் எல்லாம் பதிவாகியிருந்தது.

பெண் பிள்ளைகளின் பெற்றோர் கவனிக்க வேண்டியது சற்று வேறு. இந்தச் சொராரிட்டி வீடுகளில் மது கிடையாது என்பது விதி. கேட்க நிம்மதியாக இருக்கும். அதனாலேயே பார்ட்டிகள் ஃபிரட்டர்னிட்டி வீடுகளுக்குப் போகின்றன. என்ன ஊற்றுவது, யார் உள்ளே வருவது, எந்த அறைக்குப் பூட்டு என்பதையெல்லாம் அங்கே பையன்கள் முடிவு செய்கிறார்கள்.

இது யாருக்குப் பொருந்தும்? பெரிய வளாகம், கலகலப்பான சுபாவம், கட்டணத்தை யோசிக்காமல் கட்ட முடிகிற குடும்பம், ஓரளவு லேசான முதல் பருவம். நான்கில் குறைந்தது மூன்று இருந்தால் சேரலாம். முதல் பருவத்திலேயே ஆர்கானிக் கெமிஸ்ட்ரி வரைக்கும் போகிற பிள்ளை என்றால் ஒரு வருஷம் தள்ளிப்போடட்டும். டார்ட்மத்தில் இரண்டாம் ஆண்டுக்கு முன் யாரையும் சேர்ப்பதே இல்லை. அது நல்ல ஏற்பாடு.

## தெற்காசியச் சங்கங்கள்

1990-களில், முதல் அலையாக வந்த இந்தியப் பெற்றோரின் பிள்ளைகள் கல்லூரிக்குப் போன காலத்தில் இவை முளைத்தன. பிங்ஹாம்டனில் 1994-இல் அயோட்டா நு டெல்டா, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1996-இல் சிக்மா பீட்டா ரோ. 1998-இல் ஆஸ்டினில் டெல்டா எப்சிலான் சை பையன்களுக்கும், கப்பா ஃபை காமா பெண்களுக்கும் வந்தன. அதே ஆண்டு ஹூஸ்டனில் டெல்டா ஃபை ஒமேகா. பெரும்பாலும் வீடு கிடையாது. பத்து முதல் நாற்பது பேர் கொண்ட சிறு கிளைகள். அதனால் செலவும் குறைவு.

இந்தியர்களே இல்லாத ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல். வீட்டில் செருப்பை ஏன் கழற்ற வேண்டும், பெரியம்மா மகளை ஏன் 'அக்கா' என்று கூப்பிடுகிறாய் என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். அதே சமயம், எடிசனிலோ ஃபிரீமான்டிலோ வளர்ந்து, பள்ளி முழுக்க நம்மவர்களோடே இருந்த பிள்ளை கல்லூரியிலும் அதே வட்டத்துக்குள் போய் உட்காருவதில் எனக்குப் பெரிய பலன் தெரியவில்லை. தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு சின்ன எச்சரிக்கையும் உண்டு: பல கிளைகளின் கலாச்சாரம் பாலிவுட், பாங்ரா பக்கம் சாய்ந்திருக்கும். "தெற்காசியம்" என்றதும் தமிழ் பேச ஆள் கிடைக்கும் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான்.

நம்மவர்கள் நடத்துவது, அதனால் பத்திரம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். கிளை சிறியதாக இருப்பதால் புது உறுப்பினர் பருவம் பல இடங்களில் மிகவும் இறுக்கமாக இருக்கும். இரவு நேரக் கூட்டங்கள், மனப்பாடம், வெளியில் யாரிடமும் பேசாத ரகசியம். ஆசிய அமெரிக்கப் பிள்ளைகளின் சங்கமான பை டெல்டா சை, 2013-இல் பரூக் கல்லூரி மாணவர் ஒருவரைப் பென்சில்வேனிய மலைப்பகுதிக்கு அழைத்துப்போய், கண்ணைக் கட்டி, முதுகில் எடையேற்றி, தள்ளி விழவைத்த சடங்கில் அவர் இறந்தார். அந்தச் சங்கம் பென்சில்வேனியாவில் பத்தாண்டு இயங்கக் கூடாது என்று 2018-இல் நீதிமன்றம் உத்தரவிட்டது.

## துறை சார்ந்த சங்கங்கள்

என் ஓட்டு பெரும்பாலும் இங்கேதான். பிசினஸில் ஆல்ஃபா கப்பா சை (1904), டெல்டா சிக்மா பை (1907) இரண்டும் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பிறந்தவை. இன்ஜினியரிங்கில் மின்னசோட்டாவின் தீட்டா டாவ், மருத்துவத்தில் கார்னெலின் ஃபை டெல்டா எப்சிலான், இரண்டும் 1904. கம்ப்யூட்டர் பிள்ளைகளுக்கு மிச்சிகனில் 2012-இல் தொடங்கிய கப்பா தீட்டா பை. ஆண், பெண் இருபாலரும் சேரலாம். பழைய சங்கங்களுக்கு கல்வியில் ஆண்-பெண் பாகுபாட்டைத் தடுக்கும் டைட்டில் நைன் சட்டத்தில் கிடைத்த விலக்கு இவற்றுக்கு இல்லை என்பதே அதற்கு முக்கியக் காரணம்.

இங்கே ரஷ் என்றால் ரெஸ்யூமே, கோட்டு, நேர்காணல். சில வளாகங்களில் பிசினஸ் ஃபிராட்டில் இடம் வாங்குவது கல்லூரியில் இடம் வாங்கியதைவிடக் கஷ்டமாக இருக்கிறது என்று பிள்ளைகள் புலம்புவதில் மிகை அதிகம் இல்லை. கிடைத்துவிட்டால் பலன் நேரடியானது: மாதிரி நேர்காணல் எடுக்க மூன்றாம் ஆண்டு சீனியர், இன்டர்ன்ஷிப்புக்குப் பெயரை உள்ளே அனுப்ப இரண்டு வருஷம் முன்னால் பட்டம் பெற்றவர். குடும்பத்தில் யாருக்கும் கன்சல்டிங், பேங்கிங் உலகம் தெரியாத பிள்ளைக்கு இது பெரிய உதவி. நம் வீடுகளில் அப்பா, அம்மா இருவரும் ஐ.டி. என்றால் ஐ.டி.க்கு வெளியே ஆள் தெரியாது, இல்லையா?

மறைவான விலை? கிடைக்காத பிள்ளை முதல் மாதத்திலேயே துவண்டு போகும். கிடைத்த பிள்ளை பதினெட்டு வயதிலேயே சம்பளப் பேச்சு மட்டும் பேசத் தொடங்கும். பார்ட்டியும் அசிங்கங்களும் இங்கேயும் உண்டு; 2018-இல் சிரக்யூஸ் பல்கலைக்கழகம் இனவெறி வீடியோக்களுக்காகத் தன் தீட்டா டாவ் கிளையை நிரந்தரமாக வெளியேற்றியது. ஆனால் வெளியே வருவது சுலபம். பழைய வகைச் சங்கம் ஒன்றிலும் துறைச் சங்கம் ஒன்றிலும் ஒரே நேரத்தில் இருக்கவும் பொதுவாகத் தடையில்லை.

## எதிலும் சேராமல்

நாட்டியக் குழு, வாத்தியமில்லாமல் பாடும் அகப்பெல்லா குழு, தமிழ் மாணவர் சங்கம், ரோபோ கிளப், பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் குழு என்று வளாகத்தில் நூற்றுக்கணக்கில் இருக்கும். கட்டணம் சொற்பம், பிடிக்காவிட்டால் போகாமல் இருந்தால் போதும். போட்டிகளுக்குப் போகும் பாங்ரா, ராஸ் நடனக் குழுக்களில் கிடைக்கும் நெருக்கம் எந்தச் சொராரிட்டிக்கும் குறைந்ததில்லை. வாரத்தில் அவர்கள் ஒத்திகைக்குக் கொடுக்கும் நேரமும் அப்படித்தான்! கூட்டு வாழ்க்கைதான் வேண்டும் என்றால் மாணவர் கூட்டுறவு விடுதிகள் உண்டு. பெர்க்லியில் 1933-இலிருந்து இருக்கிறது. வாரம் ஐந்து மணி நேரம் சமையலோ சுத்தமோ செய்தால் மலிவாகத் தங்கலாம்.

இதன் விலை வேறு மாதிரி. நண்பர்களைத் தானே தேடிப் போக வேண்டும், கூச்சப்படும் பிள்ளைக்கு முதல் பருவம் நீளமாகத் தெரியும். மாணவர்களில் பாதிக்கு மேல் சங்கங்களில் இருக்கும் சிறிய கல்லூரியில் வார இறுதி வெறிச்சோடும். மாறாக அமெர்ஸ்ட், வில்லியம்ஸ், போடின் போன்ற இடங்கள் இவற்றை எப்போதோ ஒழித்துவிட்டன. ரைஸில் இருந்ததே இல்லை. அங்கே இந்தக் கட்டுரையே தேவைப்படாது.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | பழைய வகை | தெற்காசியம் | துறை சார்ந்தது | சேராமல் |
|---|---|---|---|---|
| செலவு | அதிகம், ஒளிந்திருப்பதும் அதிகம் | நடுத்தரம் | குறைவு முதல் நடுத்தரம் | சொற்பம் |
| முதல் பருவ நேரம் | அதிகம் | மிக அதிகமாகலாம் | நடுத்தரம் | நம் கையில் |
| வேலைக்கு உதவி | அந்தந்தக் கிளையைப் பொறுத்து | சிறு வட்டம், நெருக்கம் அதிகம் | நேரடி | தானே தேட வேண்டும் |
| ஹேஸிங் ஆபத்து | ஆண்கள் பக்கம் கூடுதல் | உண்டு | குறைவு, இல்லை என்று சொல்ல முடியாது | சில குழுக்களில் மட்டும் |
| வெளியேறுவது | கடினம் | சங்கடம் | சுலபம் | கேள்வியே இல்லை |

## கையெழுத்துக்கு முன்னால்

நாட்டளவில் பெரிய பெயர் என்பது ஒன்றும் சொல்லாது. ஒரே சங்கத்தின் ஒரு கிளை தங்கமாக இருக்கும், அடுத்த மாநிலக் கிளையைக் காவல்துறை தேடிக்கொண்டிருக்கும். பார்க்க வேண்டியது உங்கள் வளாகத்துக் கிளையைத்தான். இதற்கு இப்போது ஒரு வசதி வந்திருக்கிறது. 2024 டிசம்பரில் கையெழுத்தான ஸ்டாப் கேம்பஸ் ஹேஸிங் ஆக்ட், ஹேஸிங் விதியை மீறிய சங்கங்களின் பெயரையும் நடந்ததையும் கல்லூரிகள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்கிறது. கல்லூரி தளத்தில் 'ஹேஸிங் டிரான்ஸ்பரன்சி ரிப்போர்ட்' என்று தேடுங்கள். பல கல்லூரிகள் கிளைவாரியாகச் சராசரி ஜி.பி.ஏ.வையும் போடுகின்றன, வளாகச் சராசரியோடு ஒப்பிட்டால் மூன்று நிமிடத்தில் விஷயம் தெரியும்.

ரஷ் நேரத்தில் எல்லோரும் இனிமையாகத்தான் பேசுவார்கள். அதனால் கேள்வி உருப்படியாக இருக்க வேண்டும். போன வருஷம் ஒரு சாதாரண உறுப்பினர் மொத்தமாகக் கட்டியது எவ்வளவு? போன பருவத்தில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அதில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள்? பணம் கட்ட முடியாமல் போனால் என்ன ஏற்பாடு? இரண்டாவது கேள்விக்குச் சிரித்து மழுப்பினால் அந்த வீட்டை வரிசையில் கீழே தள்ளுங்கள்.

கறுப்பினத்தவரின் ஒன்பது சங்கங்களை இந்த நான்கில் நான் அடக்கவில்லை. ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா 1906-இல் கார்னெலில் தொடங்கியது. ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா 1908-இல் வாஷிங்டனின் ஹாவர்ட் (Howard) பல்கலைக்கழகத்தில். அவர்களுக்குக் கல்லூரி முடிந்த பிறகுதான் சங்க வாழ்க்கை சூடு பிடிக்கும். சென்னைத் தமிழ்ப் பெண்ணின் மகளான கமலா ஹாரிஸ் ஹாவர்டில் படித்தபோது சேர்ந்த அந்தச் சொராரிட்டியின் பெண்கள், 2020-இலும் 2024-இலும் அவருக்காக இறங்கி வேலை செய்ததை நாடே பார்த்தது. வாழ்நாள் உறவு என்று எல்லாச் சங்கமும் சொல்லும். இவர்களிடம் அதற்குச் சாட்சி இருக்கிறது.

## மாஸ்டர்ஸ் படிக்க ஊரிலிருந்து வருபவர்களுக்கு

பழைய வகைச் சங்கங்களும் தெற்காசியச் சங்கங்களும் பெரும்பாலும் இளநிலை மாணவர்களுக்கானவை. எனவே எம்.எஸ். படிக்க வருபவர்கள் கவலைப்பட வேண்டாம், அந்த ரஷ் உங்களுக்கு இல்லை. மதிப்பெண் பார்த்து அழைக்கும் கௌரவச் சங்கங்கள் வேறு. இன்ஜினியரிங்கில் டாவ் பீட்டா பை, எல்லாத் துறைக்கும் பொதுவான ஃபை கப்பா ஃபை போன்றவற்றிலிருந்து மின்னஞ்சல் வந்தால் பணம் கட்டிச் சேரலாம், தப்பில்லை. பெயர் கேள்விப்படாத ஏதோ ஒன்று "நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டீர்கள்" என்று எழுதினால் உங்கள் துறை அலுவலகத்தில் விசாரித்துவிட்டுக் கட்டுங்கள்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இளநிலை படிக்க வந்தவர்கள் மட்டும் கூடுதலாக ஒன்றை மனதில் வைக்க வேண்டும். குடிக்கச் சட்டப்படியான வயது 21. சங்கத்துப் பார்ட்டியில் போலீஸ் வந்தால் அமெரிக்கக் குடிமகனான நண்பனுக்கு அது அபராதத்தோடு போகலாம். நீங்கள் குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானால், வழக்கு முடிவதற்கு முன்பே விசா ரத்தாகலாம். அப்படி ஏதாவது நடந்துவிட்டால் சங்கத்து சீனியரிடம் யோசனை கேட்காதீர்கள். அன்றைக்கே ஒரு குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள், பல்கலைக்கழகத்தின் இன்டர்நேஷனல் ஸ்டூடன்ட் அலுவலகத்துக்கும் தெரியப்படுத்துங்கள்.